உருவம் இல்லாத ஓவியமும் இறைவனின் இல்லமும்



பொன்விழாவை முன்னிட்டு நம் ஆலயத்தைப் புதுப்பிக்கும் திருப்பணி தொடங்கிய நாள் முதல் நம்மிடையே ஒரு கேள்வி இருந்துவருகிறது. பலிபீடத்தின் இருபுறச் சாளரங்களிலும் வண்ணக் கண்ணாடி பதிப்பதென்று பங்குப் பேரவை தீர்மானித்தது. அதற்கென வரையப்பட்ட மாதிரியில் புனிதர் எவரும் இல்லை, சம்மனசுகளும் இல்லை. கீழே அடர்ந்த நீலம். மேலே செல்லச் செல்ல மஞ்சள். நடுவில் ஒரு வட்டம். அதை நோக்கிச் செல்லும் சில கோடுகள். "இதில் சாமி எங்கே?" என்று பலர் கேட்கிறார்கள். "சுரூபங்களையும் எடுத்துவிடுவார்களோ?" என்று சிலர் அஞ்சுகிறார்கள். "படித்தவர்களுக்கு மட்டும் புரியும் படம் பாமரர் ஆலயத்துக்கு எதற்கு?" என்பாரும் உண்டு.

இவை அலட்சியப்படுத்தத் தக்க கேள்விகள் அல்ல. ஆலயம் பங்கு மக்களின் வியர்வையால் எழுந்தது. அதன் சுவரில் எது இருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. ஆகவே அரூப ஓவியம் என்று இன்று சொல்லப்படுகிற, ஆள் உருவமோ பொருள் உருவமோ இல்லாத இந்தக் கலை எங்கிருந்து வந்தது, இறைவனின் இல்லத்துக்கும் அதற்கும் என்ன உறவு என்பதை இம்மலரில் சற்று விரிவாக எழுத முற்படுகிறோம்.

நம் மண் அறிந்த வடிவங்கள்

அரூப ஓவியம் மேல்நாட்டுச் சரக்கு என்று எண்ணுவோர் காலையில் தம் வீட்டு வாசலைப் பார்த்தால் போதும். நம் தாய்மார் முதலில் புள்ளி வைக்கிறார்கள். பிறகு ஒரே இழை புள்ளிகளைச் சுற்றி வளைந்து, தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்கிறது. இது எதன் படம் என்று எவரும் கேட்பதில்லை. ஆயினும் கோலம் இல்லாத வாசல் நம் கண்ணுக்கு வெறுமையாகத் தெரிகிறது. தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணி அவர்களும் அவருடைய துணைவியார் ராணி சிரோமணி அவர்களும் 1970-களில் கோலத்தின் இழைகளில் உள்ள கணித ஒழுங்கை ஆராய்ந்து உலக அறிஞர் முன் வைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியின் விரலில் அவ்வளவு கணிதம் இருந்தது. மதுரைச் சுங்குடிச் சேலையும் அப்படித்தான். துணியை நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் தோய்த்து, முடிச்சை அவிழ்த்தால் புள்ளிகள் மலர்கின்றன. அதில் பூவும் இல்லை, மயிலும் இல்லை. ஆனால் அழகில்லை என்று யாரும் சொன்னதில்லை.

மதுரை நகரமே ஒரு பெரிய வடிவம். நடுவில் மீனாட்சியம்மன் கோயில். அதைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி எனச் சதுரத்துக்குள் சதுரமாகத் தெருக்கள். வெளி வீதிகள் இருக்குமிடத்தில் முன்பு கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில் சுவர் இடிக்கப்பட்டு, அகழி தூர்க்கப்பட்டு, தெருக்கள் ஆயின. நம் மறைமாவட்டத்தின் தாய்க்கோயிலான புனித மரியன்னை பேராலயம் கீழ வெளி வீதியில், அந்த வடிவத்தின் வெளிச் சதுரத்தில் நிற்கிறது. நாம் பேருந்தில் போகும்போது இதை எண்ணுவதில்லை. ஆனாலும் நடுவை நோக்கி எல்லாம் ஒழுங்குபட்டிருக்கிற உணர்வு இந்நகரில் வளர்ந்த எவருக்கும் காலில் ஊறியிருக்கிறது.

நகருக்கு வெளியே மாங்குளம், அரிட்டாபட்டி, கீழக்குயில்குடி முதலிய குன்றுகளில் சமண முனிவர் தங்கிய குகைகள் உள்ளன. மாங்குளத்துத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரைக் குறிப்பிடுவது; கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்கு முற்பட்டது. அங்கே முனிவர்கள் விட்டுச் சென்றவை வழவழப்பாகச் செதுக்கப்பட்ட கற்படுக்கைகள். பிற்காலத்தில் சில குன்றுகளில் தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பட்டன. ஆனால் தொடக்கத்தில் இருந்தது வெறும் கல்லும் மௌனமும்தான். நகரத்துக்குள் காஜிமார் தெருப் பள்ளிவாசலுக்குச் சென்றால், தொழுகையின் திசையைக் காட்டும் மாடத்தில் உருவம் ஏதும் இருக்காது. அந்த வெறுமையை நோக்கித்தான் இஸ்லாமியச் சகோதரர்கள் நெற்றியைத் தரையில் பதிக்கிறார்கள்.

ஆக, உருவத்தின் முன் வணங்குவதும் உருவமின்றி அமர்வதும் இம்மண்ணில் நெடுங்காலமாக அடுத்தடுத்து வாழ்ந்து வருகின்றன. ஒன்று மற்றொன்றை விழுங்கியதில்லை.

வேதாகமம் காட்டும் வெறுமை

நம் விசுவாசத்தின் வேரிலும் இதே இரண்டும் உண்டு. விடுதலைப் பயண நூலில் உடன்படிக்கைப் பேழை செய்யும் முறையை ஆண்டவர் மோசேக்குச் சொல்கிறார். பேழையின் மூடியில் இரண்டு கெருபுகள், இறக்கை விரித்து எதிரெதிராக நிற்க வேண்டும். அவற்றுக்கு நடுவில் என்ன வைக்க வேண்டும்? ஒன்றும் வைக்கச் சொல்லவில்லை. அந்த இடைவெளியிலிருந்தே தாம் பேசுவதாக ஆண்டவர் வாக்களிக்கிறார். உருவங்கள் இரண்டு, வெறுமையைச் சுற்றிக் காவல் நிற்கின்றன.

சாலமோன் கட்டிய ஆலயத்தின் திருத்தூயகம் நீளம் 20 முழம், அகலம் 20 முழம், உயரம் 20 முழம். அதாவது சரியான கனசதுரம். ஆலய நேர்ந்தளிப்பின்போது சாலமோன் சொன்ன முதல் வார்த்தைகள், ஆண்டவர் காரிருளில் உறைய விரும்புகிறார் என்பதைப் பற்றியவை. திருவெளிப்பாட்டில் அருளப்பர் காணும் புதிய எருசலேமும் நீளம், அகலம், உயரம் மூன்றும் சமமான நகரம். ஆனால் அதில் ஆலயமே இல்லை. இறைவனே அதன் ஆலயம். இந்த அளவுகளை நாம் வாசகத்தில் கேட்டுக் கடந்துபோகிறோம். வேதாகமத்தை எழுதியோருக்கு அளவும் ஒளியும் இருளும் இறைவனைப் பற்றிய பேச்சாகவே இருந்தன.

அப்படியானால் சுரூபம் எதற்கு? வார்த்தையானவர் மனுவுரு எடுத்தார் என்பதே நம் பதில். கண்ணால் காணக்கூடிய முகத்தோடு இறைவன் வந்தபின், அந்த முகத்தை வரைவது தகும். 8-ஆம் நூற்றாண்டில் கீழைத் திருச்சபையில் திருவுருவங்களை உடைக்கும் இயக்கம் எழுந்தபோது, 787-இல் கூடிய இரண்டாம் நீசேயா பொதுச்சங்கம் திருவுருவங்களின் பக்கம் நின்றது. உருவத்துக்குச் செலுத்தும் வணக்கம் அவ்வுருவம் குறிக்கும் ஆளையே சேர்கிறது என்றும், ஆராதனை இறைவன் ஒருவருக்கே உரியது என்றும் தெளிவுபடுத்தியது. கத்தோலிக்கர் எவரும் சுரூபத்தைக் கண்டு வெட்கப்பட வேண்டியதில்லை. நம் சூசையப்பர் சுரூபம் இருந்த இடத்திலேயே இருக்கும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

ஆனால் தொடக்கத் திருச்சபை முகத்தோடு குறிகளையும் பேணிற்று. உரோமை நகரின் நிலவறைக் கல்லறைகளில் மீன், நங்கூரம், கிறிஸ்துவின் கிரேக்கப் பெயரின் முதல் இரண்டு எழுத்துக்களைப் பின்னிய குறி ஆகியவை காணப்படுகின்றன. சிலுவையில் தொங்கும் ஆண்டவரின் உருவமோ 5-ஆம் நூற்றாண்டுக்கு முன் மிக அரிது. 12-ஆம் நூற்றாண்டில் புனித பெர்நார்து சார்ந்திருந்த சிஸ்டெர்சியன் சபை, தன் மடங்களின் கண்ணாடிச் சாளரங்களில் உருவமும் வண்ணமும் கூடாது என்று விதித்தது. அதே நூற்றாண்டில் பாரிஸ் அருகே புனித தெனிஸ் மடத்தில் சூஜே அதிபர், வண்ணக் கண்ணாடியின் வழியே வரும் ஒளி மனத்தை மேலே தூக்கும் என்று நம்பிப் புதிய பீடப்பகுதியைக் கட்டினார். 1144-இல் அது நேர்ந்தளிக்கப்பட்டது. ஒருவர் வண்ணத்தை விலக்கினார், மற்றவர் வரவேற்றார். இருவரும் தேடியது ஒன்றையே. திருச்சபை இருவரையும் தன் பிள்ளைகளாகவே வைத்துக்கொண்டது.

வைகைக் கரையில் எழுந்த கோத்திக் ஆலயம்

சூஜே அதிபர் தொடங்கிவைத்த அந்தக் கட்டடக்கலை நம் பக்கத்துக்கும் வந்து சேர்ந்தது. 1773-இல் ஒடுக்கப்பட்டு 1814-இல் மீண்டும் உயிர்பெற்ற சேசு சபையின் பிரெஞ்சு குருக்கள், 1830-களின் இறுதியில் மதுரை மிஷனுக்குத் திரும்பி வந்தார்கள். அவர்களுடைய கண்ணுக்கு ஆலயம் என்றால் கூர்வளைவுகளும் உயர்ந்த கோபுரமும்தான். மதுரையிலிருந்து இராமநாதபுரம் செல்லும் வழிக்கு அருகே இடைக்காட்டூரில் பெர்தினாந்து செல் அடிகளார் 1894-இல் எழுப்பிய திரு இருதய ஆலயம் இதற்குச் சிறந்த சான்று. பிரான்சின் ரான்ஸ் பேராலயத்தைப் பின்பற்றிய கோத்திக் வடிவம் அது. ஆனால் கல்லுக்குப் பதில் அச்சில் வார்த்த பலவகைச் செங்கற்களும் சுடுமண் வேலைப்பாடுகளும் கொண்டு கட்டப்பட்டது. நம் சமவெளியின் மண்ணே கூர்வளைவாக வளைந்து நிற்கிறது.

நம்மில் எத்தனையோ பேர் அங்கே திருயாத்திரை போயிருக்கிறோம். உள்ளே நுழைந்ததும் பேச்சு தாழ்ந்துவிடுகிறது; தலை தானாக நிமிர்கிறது. அங்குள்ள சுரூபங்களை அடையுமுன்பே இது நிகழ்கிறது. அதைச் செய்தது எது? தூண்களின் வரிசையும், மேலே சென்று கூடுகிற வளைவுகளும், உயரமும், தணிந்த ஒளியும். அவை எதன் படமும் அல்ல. ஆனாலும் அவை நம்மைச் செபத்துக்கு ஆயத்தப்படுத்துகின்றன. அரூப ஓவியம் என்பது, கட்டடம் நெடுங்காலமாகச் செய்துவந்த இந்த வேலையைத் துணியிலும் கண்ணாடியிலும் செய்யும் முயற்சி என்று கொண்டால் பெரும்பகுதி விளங்கிவிடும்.

மடத்திலிருந்து வந்த வண்ணங்கள்

சென்ற நூற்றாண்டில் இம்முயற்சியைத் திருச்சபைக்குள் கொண்டுவந்தவர்களில் ஒருவர் அல்பிரெத் மனேசியே என்னும் பிரெஞ்சு ஓவியர் (1911–1993). இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943-இல் அவர் சொலிஞ்சியிலுள்ள டிராப்பிஸ்ட் துறவு மடத்தில் தங்கினார். விசுவாசத்தில் ஆழ்ந்த பற்றில்லாதிருந்த அவரை, துறவிகளின் இரவுச் செபமும் பாடலும் மாற்றின. அந்த அமைதியை எப்படி வரைவது? துறவிகளை வரையலாம், மடத்தை வரையலாம், அமைதியை வரைய அவருக்கு வண்ணமும் கோடும் மட்டுமே கை கொடுத்தன. லே பிரசே என்ற சின்னஞ்சிறு கிராமத்தின் பழைய ஆலயத்துக்கு அவர் 1948 முதல் 1950 வரை செய்த கண்ணாடிச் சாளரங்கள், பழைய ஆலயமொன்றில் பதிக்கப்பட்ட முதல் அரூப வண்ணச் சாளரங்களாகக் கருதப்படுகின்றன. அது பெருநகரத்துப் பேராலயம் அன்று. நம்மைப் போன்ற நாட்டுப்புறத்து மக்களின் கோயில் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்த ஆண்டே, 1951 ஜூனில், பிரான்சின் தென்பகுதியில் வான்ஸ் என்னும் ஊரில் தொமினிக்கன் கன்னியரின் செபமாலைச் சிற்றாலயம் நேர்ந்தளிக்கப்பட்டது. அதை வடிவமைத்தவர் புகழ்பெற்ற ஓவியர் ஆன்றி மத்தீஸ். நோயுற்றிருந்த காலத்தில் தமக்குப் பணிவிடை செய்த பெண் பின்னர் தொமினிக்கன் சபையில் சேர்ந்தார். அவர் வழியாகவே இத்திருப்பணி தொடங்கியது. 81 வயது முதியவரான மத்தீஸ் இதைத் தம் வாழ்வின் தலையாய படைப்பாகக் கருதினார். சாளரங்களில் மஞ்சள், பச்சை, நீலம் ஆகிய மூன்றே நிறங்கள். வெள்ளை ஓட்டுச் சுவரில் கறுப்புக் கோட்டால் புனித தொமினிக்கு. அந்தப் புனிதரின் முகத்தில் கண், மூக்கு, வாய் எதுவும் இல்லை. வெயில் ஏறும்போது சாளரத்தின் நிறங்கள் அந்த வெள்ளைச் சுவர்மேல் வந்து படிகின்றன. நிறைவு செய்வதை ஓவியர் ஒளிக்கு விட்டுவிட்டார்.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1971-இல் திறக்கப்பட்ட ராத்கோ சிற்றாலயம் இன்னும் ஒரு படி சென்றது. கத்தோலிக்கத் தம்பதியரான மெனில் குடும்பத்தார் யூதரான மார்க் ராத்கோவிடம் பணியை ஒப்படைத்தார்கள். எண்கோண மண்டபத்தில் 14 பெரிய ஓவியங்கள்; எல்லாம் ஏறக்குறைய இருள் நிறம். எல்லாச் சமயத்தாரும் வந்து மௌனமாக அமரும் இடமாக அது ஆயிற்று. வெறும் கறுப்பு என்று சலித்துத் திரும்புவோரும் உண்டு. அங்கே அமர்ந்து கண்ணீர் விட்டோரும் உண்டு. சாலமோன் சொன்ன காரிருளை அறிந்த நமக்கு இது முற்றிலும் அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை.

நம் நாட்டில்

இந்திய ஓவியர்களும் அதே காலத்தில் இதே வழியில் நடந்தார்கள். சென்னை கலை, கைவினைக் கல்லூரியின் முதல்வராகவும் 1966-இல் தோன்றிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தின் முன்னோடியாகவும் விளங்கிய கே. சி. எஸ். பணிக்கர் (1911–1977), 1951-இல் மலைப்பொழிவின் பேறுகளில் ஒன்றைத் தலைப்பாகக் கொண்டு, சமாதானம் செய்வோரைப் பற்றி ஓர் ஓவியம் வரைந்தவர். 1963 முதல் அவர் ஓவியங்களில் மனிதர் குறைந்து, எழுத்துப் போன்ற குறிகளும் வட்டங்களும் சோதிடக் கட்டங்களும் நிறைந்தன. சையத் ஹைதர் ராசா (1922–2016) மத்தியப் பிரதேசக் காட்டுப்புறத்தில் வளர்ந்தவர். பள்ளியில் மனம் அலைபாய்ந்த சிறுவனை அடக்க, ஆசிரியர் சுவரில் ஒரு புள்ளி இட்டு அதையே பார்த்திருக்கச் சொன்னார். பல்லாண்டுகள் பிரான்சில் வாழ்ந்தபின், அந்தப் புள்ளியே 'பிந்து' என்ற பெயரில் அவர் ஓவியங்களின் நடுவில் வந்து அமர்ந்தது.

தமிழகத் திருச்சபையில் குளித்தலைக்கு அருகே காவிரிக் கரையிலுள்ள தண்ணீர்ப்பள்ளியைக் குறிப்பிட வேண்டும். 1950-இல் மோன்ஷானின் அடிகளும் லெ சோ அடிகளும் சச்சிதானந்த ஆசிரமம் என்னும் சாந்திவனத்தைத் தொடங்கினார்கள். மோன்ஷானின் அடிகள் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயர் பரம அரூபி ஆனந்தம். உருவற்றவராகிய தூய ஆவியில் மகிழ்வு என்பது அதன் பொருள். 1968-இல் பீட் கிரிபித்ஸ் அடிகள் அங்கே பொறுப்பேற்றார். அங்குள்ள ஆலயம் நம் நாட்டுக் கோயில் முறையில் அமைந்தது. வெளியே வாயிலிலும் விமானத்திலும் உருவங்கள் உண்டு. உள்ளே மூலத்தானம் இருளாகவே வைக்கப்பட்டிருக்கிறது. இறைவன் நம் இதயக் குகையில் உறைகிறார் என்பதை அந்த இருள் உணர்த்துகிறது. பெங்களூரில் அமலோற்பவதாஸ் அடிகளார் 1967-இல் தொடங்கிய தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு மையத்தின் ஆலயத்திலும், ஓவியர் ஜோதி சாஹி போன்றோரின் கைவண்ணத்தில் இந்தியக் குறிகள் இடம்பெற்றன.

இவற்றுக்கு எதிர்ப்பும் எழுந்தது. கிறிஸ்தவத்தை வேறொன்றாக ஆக்குகிறார்கள் என்று ஒரு சாரார் வருந்தினர். அதைவிட ஆழமான மறுப்பு ஒன்று ஒடுக்கப்பட்ட மக்களிடமிருந்து வந்தது. "எந்தக் கோயிலின் வாசலில் எம் முன்னோர் நிறுத்தப்பட்டார்களோ, அந்தக் கோயிலின் வடிவத்தையே எம் ஆலயத்துக்குள் கொண்டுவருகிறீர்களா?" என்ற கேள்வி அது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைய முடிந்தது 1939 ஜூலை 8 அன்றுதான், அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் அது நடந்தது. அதன் நினைவு இன்னும் பல குடும்பங்களில் உயிரோடு இருக்கிறது. இம்மறுப்பைக் கேளாமல் கோபுரம், கலசம் என்று பேசுவது நியாயமாகாது.

வடிவமும் மறையுரை ஆற்றுகிறது

கோயில்களைப் பற்றி மட்டும் இதைச் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நோபிலி, உடை, குடுமி, நூல், சந்தனம் ஆகியவை ஊர் வழக்கமா அல்லது வேற்றுச் சமயக் குறியா என்று நுணுகி ஆராய்ந்தார். அவர் வாதத்தை ஏற்றுத் திருத்தந்தை 15-ஆம் கிரகோரி 1623-இல் அனுமதி அளித்தார். வெளி வடிவம் எவ்வாறு பொருள் கொள்கிறது என்பதை இம்மண்ணில் அவரளவு ஆழ்ந்து சிந்தித்தவர் சிலரே. ஆனால் அதே மிஷனில் மேல்சாதியாருக்கு ஒரு வகைப் போதகர், மற்றவருக்குப் பண்டாரசாமிகள் என்ற பிரிவும் வளர்ந்தது. அந்தப் பிரிவு பின்னாளில் சுவராகவும் எழுந்தது. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிய ஆலயம் கால்சட்டை போல இரு பிரிவாக அமைந்தது. பீடம் ஒன்று, சனங்கள் இரு பக்கம், ஒருவரை ஒருவர் காணாதபடி நடுவே சுவர். 1910-இல்தான் அச்சுவர் இடிக்கப்பட்டது. அதற்கும் கலகமும் வழக்கும் நடந்தன.

அந்தச் சுவரில் எந்தப் படமும் இல்லை. அது வெறும் செங்கல்லும் சுண்ணாம்பும். ஆயினும் ஒவ்வொரு ஞாயிறும் அது ஒரு மறையுரை ஆற்றிற்று. பீடத்தில் நின்ற குருவின் மறையுரையை அது வென்றது. ஆகவேதான் சொல்கிறோம்: உருவம் இல்லாத வடிவம் ஒன்றும் சொல்லாது என்று எண்ணக்கூடாது. சுவரும் வட்டமும் படிக்கட்டும் ஒளியும் நமக்கு ஏதோ ஒன்றைக் கற்பித்துக்கொண்டே இருக்கின்றன. அவை நற்செய்தியைக் கற்பிக்கின்றனவா என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு இதற்கு அளவுகோல் தருகிறது. எந்த ஒரு கலைப்பாணியையும் திருச்சபை தனக்கே உரியதாக ஆக்கிக்கொள்ளவில்லை. எல்லாக் காலத்தின், எல்லா மக்களின் கலைக்கும் ஆலயத்தில் இடமுண்டு. பகட்டைவிட உயர்ந்த அழகையே நாட வேண்டும். திருவுருவங்களை வைக்கும் வழக்கம் தொடர வேண்டும். ஆனால் அளவோடும் முறையான ஒழுங்கோடும் இருக்க வேண்டும். சங்கத்துக்குப் பின் உலகின் சில இடங்களில் அவசரப்பட்டுச் சுரூபங்களை அகற்றி, மக்கள் மனத்தைப் புண்படுத்தினார்கள். சங்கம் அப்படிக் கேட்கவில்லை.

நம் சாளரங்கள்

இந்த வரலாற்றையெல்லாம் பின்னணியாக வைத்துத்தான் பேரவையின் தீர்மானத்தைப் பார்க்க வேண்டுகிறோம். சூசையப்பர் சுரூபமும் மாதா சுரூபமும் தத்தம் இடத்தில் இருக்கும், தேர்ப்பவனியும் குறையாது. பீடத்தின் பின்சுவரில் திருச்சிலுவை மட்டும் இருக்கும். ஓடி ஓடி எரியும் வண்ண விளக்குகள் இனி அங்கே வேண்டாம். இரு சாளரங்களிலும் உருவமற்ற வண்ணக் கண்ணாடி வரும்.

நம் பக்கத்தில் குழல்விளக்கு நன்கொடை தந்தவர், விளக்கின் மேலேயே 'உபயம்' என்று தம் பெயரை எழுதி, தந்த ஒளியில் பாதியை மறைத்துவிடுவது வழக்கம். சாளரக் கண்ணாடியில் எவர் பெயரும் எழுதப்படாது. கொடுத்தவர்களின் பெயர்கள் இம்மலரின் பிற்பகுதியில் நன்றியோடு அச்சிடப்பட்டுள்ளன. ஆயிரக்கணக்கில் கொடுத்தவரும், கூலியிலிருந்து பத்து ரூபாய் கொடுத்தவரும் ஒரே பட்டியலில், அகர வரிசையில் இருக்கிறார்கள். அந்த வண்ண ஒளியும் அப்படியே, முன்வரிசையில் அமர்ந்தவர் பின்வரிசையில் அமர்ந்தவர் என்று பாராமல் தரையெங்கும் விழும். புனிதர் ஒருவரின் படம் வைத்திருந்தால் எந்தப் புனிதர், எந்தத் தெருவின் புனிதர் என்ற கேள்வி எழுந்திருக்கும் என்பதை இங்கே எவருக்கும் விளக்கத் தேவையில்லை. நீலமும் மஞ்சளும் எந்தத் தெருவுக்கும் சொந்தமல்ல.

பாமரருக்குப் புரியுமா என்று கேட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. புரிந்துகொள்ள வேண்டிய புதிர் எதுவும் அதில் ஒளித்து வைக்கப்படவில்லை. கோலத்தைப் புரிந்துகொண்டா அதைத் தாண்டாமல் சுற்றிப் போகிறோம்? இடைக்காட்டூர் வளைவுகளுக்கு உரை எழுதியா அங்கே முழந்தாளிடுகிறோம்? இந்தச் சாளரத்தையும் அதேபோல் அணுகலாம். காலைத் திருப்பலிக்கு வருவோர் ஒரு நிறத்தைக் காண்பார்கள். மாலைச் செபமாலைக்கு வருவோர் வேறொன்றைக் காண்பார்கள். மழை மூட்டமான நாளில் நீலம் மட்டும் தெரியும். செபமாலை சொல்லச் சொற்கள் வராத துக்க நாளில், நன்றி சொல்லவும் வாய் எழாத மகிழ்ச்சி நாளில், கண்ணுக்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடமாக அது இருந்தால் போதும்.

அரூப ஓவியம் எல்லாமே செபத்துக்கு உதவும் என்று நாம் சொல்லவில்லை. வெறும் நாகரிகத்துக்காகச் செய்யப்பட்டவை உண்டு. குளிர்ந்த மண்டபம் போல் மனத்தை விரட்டுபவையும் உண்டு. ஆலயத்தில் வைக்கும் எந்தக் கலைக்கும் ஒரே சோதனைதான்: அதன் முன் அமர்ந்தவர் மேலும் அமைதியடைகிறாரா, பக்கத்தில் அமர்ந்தவரைச் சகோதரராக உணர்கிறாரா? சுரூபத்துக்கும் இதே சோதனை. சாளரத்துக்கும் இதே சோதனை. குருவின் மறையுரைக்கும் இதே சோதனை.

நம் பாதுகாவலராம் சூசையப்பரைப் பற்றி ஒன்று நினைவுகூரத் தக்கது. நான்கு நற்செய்திகளிலும் அவர் பேசிய வார்த்தை ஒன்றுகூட எழுதப்படவில்லை. அவர் கனவு கண்டார், எழுந்தார், சொல்லப்பட்டதைச் செய்தார். பேசாதவரை ஐம்பது ஆண்டுகளாகப் பாதுகாவலராகக் கொண்ட பங்கு நாம். படம் காட்டாத ஒரு சாளரத்தின் முன் சற்று நேரம் பேசாமல் அமர்வது நமக்குக் கடினமாய் இராது. திருப்பணி நிறைவுற்றபின் ஏதேனும் ஒரு பிற்பகலில், கூட்டம் இல்லாத வேளையில், குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு வந்து பத்து நிமிடம் அமர்ந்து பாருங்கள். நற்கருணைப் பேழையின் அருகே எரியும் அணையா விளக்கும், சூசையப்பரும், தரையில் விழும் வண்ண ஒளியும் ஒன்றோடொன்று முரண்படவில்லை என்பதை நீங்களே காண்பீர்கள்.

இந்த இல்லத்தைக் கட்டியவர்களையும், இதில் செபித்து இறைவனடி சேர்ந்தவர்களையும், இனி இதில் செபிக்கப்போகும் நம் பிள்ளைகளையும் எல்லாம் வல்ல இறைவன் ஆசீர்வதிப்பாராக.